கோரைக்கு அடித்த மருந்து

நம் நடைக்கூட்டத்தில் என்னைக் கேலி செய்யாத ஆளே இல்லை. காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு நீங்கள் எல்லோரும் வாசலில் நிற்கும் வண்டியில் அருகம்புல் சாறு வாங்கிக் குடிக்கிறீர்கள். நான் மட்டும் வெந்நீர்க் குப்பியோடு தள்ளி நிற்கிறேன். "டீச்சருக்குப் புல்லுன்னா எளக்காரம்" என்கிறீர்கள். "மாட்டுக்குப் போட்டியா வரவேண்டாம்னு பாக்காவ போல" என்று ஒருவர் சொன்னபோது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இளக்காரம் இல்லை. பயம். அறுபதைத் தாண்டியவளுக்கு ஒரு டம்ளர் பச்சைச் சாற்றைப் பார்த்து என்ன பயம் என்று கேட்பீர்கள். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சொன்னால் போய்விடும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. கல்லிடைக்குறிச்சியில் ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், கால்வாயை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் இருந்த இடத்தில் அம்மா கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டிருந்தாள். அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கோப்பில் கையெழுத்து வாங்க அவ்வப்போது மேலதிகாரியின் பங்களாவுக்குப் போவார். அங்கே முன்னால் ஒரு புல்தரை உண்டு. அதன் ஓரத்துச் சிமெண்டுப் பாதையில்தான் நிற்க வேண்டும், புல்லில் கால் வைக்கக் கூடாது. பல வருஷம் அந்தப் பாதையிலேயே நின்றவருக்கு, சொந்தமாக ஒரு புல்தரை போட்டு அதில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று அம்மா கண்டதெல்லாம், காய்த்துக் கிடக்கிற கத்தரியை ஒருவர் வேரோடு பிடுங்குகிறார் என்பதுதான்.

"திங்கிற செடியப் புடுங்கிட்டு மிதிக்கிற புல்ல வைக்கணுமாக்கும்?" என்றாள்.

"ஒனக்கு அழகுன்னா என்னன்னே தெரியல."

"தெரியாதுதான். கொழம்புல அழகப் போட முடியாதுல்லா."

அதற்குப் பிறகு ஒரு வாரம் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என் வழியாகத்தான் போய் வந்தது. "ஏட்டி, சோறு வச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நான் போய்ச் சொல்வேன். அவர் "வாரேன்னு சொல்லு" என்பார். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

அப்பா நாலு வண்டி வயல் மண் அடித்தார். கறுத்து, கொழுத்த மண். அருகம்புல்லைக் கணுக்கணுவாக நறுக்கி, சாண் இடைவெளியில் நானும் அவரும் ஊன்றினோம். பக்கத்து வயலில் களையெடுக்க வருகிற அக்கா ஒருத்தி வேலியோரம் நின்று பார்த்தாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி உதிர்த்தாள்.

"சார்வாள், இந்த மண்ண எங்கன அள்ளுனிய? பூராவும் கோரைக் கெழங்கால்லா கெடக்கு."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அப்பா. அவள் கையைத் தட்டிக்கொண்டு போனாள்.

சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தது. அருகு படர்ந்தது, கூடவே மற்றதெல்லாம் வந்தது. அப்பா ஆபீஸ் பழக்கத்தை விடுவாரா? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு களையையும் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, பெயரும் அடையாளமும் எழுதச் சொன்னார். அந்த நோட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனால் அதில் எழுதியதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். நெருஞ்சி, காலில் குத்தித் தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டாசிணுங்கியைத் தொட்டால் போதும். அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வரும். கீழாநெல்லிக்கு இலையின் அடியில் வரிசையாகச் சின்னக் காய்கள். இவர்களையெல்லாம் ஒரு வாரத்தில் பிடுங்கி முடித்துவிட்டோம். திரும்ப வந்தவர்களும் மரியாதையாகப் பிடுங்கப்பட்டார்கள்.

கோரை அப்படி இல்லை. முதலில் அது களை என்றே தெரியாது. புல்லோடு புல்லாக நிற்கும், கொஞ்சம் கூடுதலாக மினுமினுக்கும். தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். அருகாக இருந்தால் வழுக்கி உருளும். கோரை உருளாது, மூன்று விளிம்பு விரலில் தட்டும். இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். அதுதான் அதன் வேலை. இலையைக் கொடுத்துவிட்டுக் கிழங்கைக் கீழே வைத்துக்கொள்ளும். தோண்டிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் கறுப்புக் கிழங்கு, அதிலிருந்து ஒரு கம்பி, அந்தக் கம்பி முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, மருந்துக்கடை வாசனை அடிக்கும். சாயங்காலம் வெட்டிவிட்டுப் படுத்தால் காலையில் வெட்டின இடத்திலேயே அது ஒரு விரற்கடை நிற்கும். எனக்கு அதைப் பார்த்துப் பயம் வர ஆரம்பித்தது அப்போதுதான். வாசல் படியில் உட்கார்ந்து படிக்கும்போது, இந்நேரம் என் காலுக்குக் கீழே அது நகர்ந்துகொண்டிருக்கும் என்று தோன்றி, காலைத் தூக்கி மடக்கிக்கொள்வேன்.

அப்பா கொதிநீர் ஊற்றினார். உப்புப் போட்டார். உப்புப் போட்ட இடத்தில் அருகு கருகிப்போயிற்று. கோரை பத்து நாள் யோசித்துவிட்டு வெளியே வந்தது. கடைசியில் மண்வெட்டியை எடுத்து ஒரு மூலையைக் கொத்திப் புரட்டினார். களையெடுக்கிற அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் கை வைத்தாள்.

"வெட்டாதிய சார்வாள்! வெட்ட வெட்டக் கெழங்கு பிரிஞ்சி ஒண்ணு பத்தா வரும். மொளைக்க மொளைக்கப் பைய நோண்டிக் கெழங்கோட எடுக்கணும். ரெண்டு மழைக்காலம் ஆவும்."

"ரெண்டு மழைக்காலமா?" அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குள்ள நமக்கு வயசாயிரும் போலயே."

இதற்கிடையில் அம்மாவுக்கு வயிற்றுப்புண். சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். ஊரில் ஒரு வைத்தியர் அருகம்புல் சாறு சொன்னார். சூரியன் ஏறும் முன்னால், வெறும் வயிற்றில், ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாளில் ஒரு நாள் விட்டாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். புல்லுக்கு நாங்கள் எங்கே போக? வாசலில் இறங்கினால் புல். அந்தப் புல்தரையால் அம்மாவுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். அப்பாவின் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

பறிக்கிற வேலை எனக்கு. கோரை கலந்துவிடாமல் ஒவ்வொரு தண்டாக உருட்டிப் பார்த்துப் பறிப்பேன். அம்மியில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அம்மா கண்ணை மூடிக் குடித்துவிட்டு, அடுக்களைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவாள். இருபதாவது கோட்டில் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது என்றாள். முப்பதில் ஒரு நாள் எங்களோடு உட்கார்ந்து வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் அது பெரிய சேதி.

ஆனி மாசம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் யாரோ சொல்லி, நெல் வயலுக்கு அடிக்கிற களைமருந்து ஒரு டப்பா அப்பா வாங்கி வந்தார். சாரல் விட்டு வெயில் முகம் காட்டிய ஒரு பிற்பகலில், இரவல் வாங்கின பித்தளைத் தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தார். பினாயிலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை வீட்டுக்குள் வரை வந்தது. அம்மா சன்னலைச் சாத்தினாள். சுவரில் அன்றைக்கு முப்பத்திமூன்று கோடு.

"பத்து நாளைக்கு இந்தப் புல்லுல யாரும் கை வைக்கப்பிடாது" என்று அப்பா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "சாறுக்கு நான் ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டு வரும்போது கால்வாய்க்கு அங்கன வரப்புல பறிச்சிட்டு வந்துருதேன்."

"அருகும் செத்துப் போயிருமாப்பா?" என்று கேட்டேன்.

"இது கோரையத்தான் கொல்லும். அருகுக்கு ஒண்ணும் ஆகாது, பாரு."

சொன்னபடியே ஆயிற்று. இரண்டு நாளில் கோரை மஞ்சளித்து, முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. அருகு பச்சையாக நின்றது. அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்த மாதிரி அவருடைய மேலதிகாரிகூட அந்தப் பங்களாவில் நின்று பார்த்திருக்க மாட்டார். இரண்டு நாளும் ஈரத் துண்டில் முடிந்து வரப்புப் புல் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். போர்வைக்குள் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இன்னைக்கு நீ போயி வரப்புல பறிச்சிட்டு வந்துரு. பாத்துப் போ."

அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்கவில்லை.

கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பனந்தடி போட்டிருக்கும். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கார் நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். கலங்கின தண்ணீர் தடியின் அடியை உரசிக்கொண்டு ஓடியது. போன வருஷம் ஒரு கன்றுக்குட்டி அந்த இடத்தில்தான் விழுந்து, மதகில் போய்ச் செருகிக் கிடந்தது. அதன் கண் திறந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலை வைத்தேன். தடி பாசியாக வழுக்கியது. இரண்டாவது காலை எடுக்க முடியவில்லை. தண்ணீரைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பின்வாங்கிக் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

வெறுங்கையோடு போனால் மண்டலம் அறுந்துவிடும். முப்பத்தைந்து நாளும் என்னால் வீண். அம்மாவுக்குத் திரும்ப எரியும். அப்பா என்ன சொல்வார்? சாரல் லேசாகத் தூறியது, கிழக்கே வெளுத்துவிட்டது. எழுந்து வீட்டுக்கு வந்து, புல்தரை மூலையில் இருந்த துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனேன். அந்த மூலை வரை தெளிப்பான் வந்திருக்காது என்று நினைத்தேன். அங்கே அருகு நல்ல பச்சையாக இருந்தது. மருந்து பட்ட கோரை வாடிவிட்டது, வாடாமல் இருப்பது மருந்து படாதது. பதினொரு வயதுக் கணக்கு அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தேன். மழை வாசனைதான் வந்தது. கிணற்று நீரில் மூன்று தடவை அலசினேன். நான்காவது தடவையும் அலசினேன். நம்பிக்கை இருந்தால் எதற்கு நான்காவது தடவை? அதை நான் பிறகு பல வருஷம் என்னிடமே கேட்டிருக்கிறேன்.

அம்மா வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னட்டி, இன்னைக்கு ஒரு மாதிரி காறுது?"

"வரப்புப் புல்லுல்லாம்மா" என்றேன்.

முழுவதும் குடித்தாள். கரிக்கோடு போட்டாள்.

பத்து மணிக்கு வாந்தி. முதல் தடவை பச்சையாக வந்தது. நாலாவது தடவைக்குப் பிறகு எதுவுமே வரவில்லை, உடம்பு மட்டும் வளைந்து வளைந்து குமட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைத் தரையில் சரிந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் துவண்டது. அப்பா போர்வையோடு ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார். பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"எங்கன பறிச்ச?"

 துவைக்கிற கல் இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. திறந்து பார்த்தபோது அவருடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் பயப்படுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு என் பயம் பத்து மடங்காகிவிட்டது.

"யாருட்டயும் ஒண்ணும் சொல்லாத. வரப்புன்னும் சொல்லாத, தோட்டம்னும் சொல்லாத. நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து அம்பாசமுத்திரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் மருந்து டப்பாவை வைத்திருந்தார். அம்மாவின் தலை என் மடியில். அவளுடைய நெற்றி ஈரமாக, ஜில்லென்று இருந்தது. பாலம் கடக்கும்போது ஆற்றில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா செத்துவிட்டால் நான் இந்தப் பாலத்திலிருந்து குதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பனந்தடியைக் கடக்கப் பயந்தவள் பாலத்திலிருந்து குதிப்பேனாம். ஆனால் அன்று அதை மனதார நினைத்தேன்.

டாக்டர் டப்பாவை வாங்கிப் படித்தார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அம்மாவின் சத்தம் கேட்டது. வெளியே வந்த டாக்டர் கேட்டார்: "இந்தப் புல்லைப் பறிச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அப்பா. "காய்ச்சல் மயக்கம். கால்வாய் வரைக்கும் போக ஏலல. மருந்தடிச்சது ஞாபகமே இல்லாம தோட்டத்துலயே பறிச்சிட்டேன்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா அதைக் கேட்டாள். தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவு சோர்விலும் அந்தப் பார்வை தெளிவாக இருந்தது.

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் மறுநாள் சொன்னார். ஆனால் விஷம் சம்பந்தப்பட்டது என்பதால் போலீசுக்குத் தகவல் போயிருந்தது. ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அதே நேரத்தில் உடன்குடியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் அண்ணன். கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர், எப்போது வந்தாலும் எனக்குச் சில்லுக் கருப்பட்டி கொண்டுவருகிறவர். அன்று கையில் ஒன்றும் இல்லை.

"ஏன் வே மாப்பிள்ள, புல்லுக்கு அடிச்ச மருந்த எந்தங்கச்சிக்கும் ஊத்திப் பாத்தீராக்கும்?"

"மறந்து செஞ்சது, மச்சான்."

"மறந்தா? அவ போட்ட செடியப் புடுங்கிப் போட்டது மறந்தா? வாரக்கணக்குல அவகிட்டப் பேசாமக் கெடந்தது மறந்தா? எங்களுக்கு எல்லாம் தெரியும் வே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. கேஸு குடுத்துருவமா? நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் போதும். மாமா அடங்கியிருப்பார், கான்ஸ்டபிள் நோட்டை மூடியிருப்பார். அம்மா ஆம் என்று சொல்லிவிட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அம்மா இனி என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டாள் என்பதுதான் அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது. அப்பா ஜெயிலுக்குப் போவதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா மேலே விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"வேண்டாம்" என்றாள் கடைசியில். "பொம்பளப் பிள்ள இருக்கு."

அவ்வளவுதான். மறந்து செய்திருப்பார் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளை இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பா தானே காப்பி போட்டு ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அம்மா அதைத் தொடவில்லை. "ஏட்டி, நீ போயி எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா" என்றாள் என்னிடம். அப்பா டம்ளரைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டார். பிறகு கொல்லைக்குப் போய் அவரே அதைக் குடித்தார். நான் அடுப்பைப் பற்ற வைக்கும்போது தீக்குச்சி மூன்று அணைந்தது.

அன்று தொடங்கியது அது. அம்மா அவருக்குச் சமைத்தாள், பரிமாறினாள், துணி துவைத்தாள், பிறகு பேசவும் சிரிக்கவும்கூடச் செய்தாள். ஆனால் அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கோவிலில் திருநீறுகூட அர்ச்சகரிடம் நேராக வாங்குவாள், அப்பா மடித்துக் கொண்டுவந்ததை எடுக்க மாட்டாள். வைத்தியரின் மண்டலத்தை அவள் திரும்பத் தொடங்கவே இல்லை. சுவரில் முப்பத்தாறு கோடும் வெள்ளையடிக்கிற வரை அப்படியே இருந்தது.

கோரையா? அது மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. மேலே இருந்த இலையைத்தான் மருந்து கொன்றது, கிழங்கு சௌக்கியமாகக் கீழே இருந்தது. அப்பா மீதி மருந்தை டப்பாவோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு பழைய திருப்புளியை எடுத்துக்கொண்டு புல்தரையில் குந்துவார். ஒரு முளையைச் சுற்றி மண்ணைப் பைய நெகிழ்த்தி, கம்பி அறாமல் கிழங்கைத் தொடர்ந்து போய், அடுத்ததையும் அதற்கடுத்ததையும் எடுப்பார். எடுத்ததைக் காலிப் பால்மாவு டப்பாவில் போட்டு, மாடியில் கல்லில் பரப்பிக் காய வைப்பார். இரண்டு மழைக்காலம் என்றாள் அந்த அக்கா. மூன்று ஆயிற்று.

ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா, நான் அம்மாட்டச் சொல்லிரட்டா?"

அவர் திருப்புளியை நிறுத்தவில்லை. "வேண்டாம்ட்டி. எம்மேல உள்ள கோவம் ஒரு மாசத்துல தீந்துரும். ஒம்மேல வந்துச்சுன்னா எப்பிடின்னு சொல்ல முடியாது. நாளைக்கு ஒனக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவதான வந்து நிக்கணும்."

ஒரு மாசம் என்றார். பாவம், அம்மாவை அவ்வளவுதான் அளந்திருந்தார். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னது அவர்தானே என்று ஒதுங்கிக்கொண்டேன். பதினொரு வயதில் ஒதுங்கியதை மன்னித்துவிடலாம். இருபதிலும் முப்பதிலும் ஒதுங்கியதை என்ன சொல்ல? என் பிரசவத்துக்கு அம்மாதான் வந்து நின்றாள். பத்தியச் சோறு ஊட்டினாள். ஒவ்வொரு வாயிலும் சொல்லிவிடலாமா என்று தோன்றும். விழுங்கிவிடுவேன்.

புல்தரை ஒரு வழியாகச் சுத்தமானது. ஒரு கோரைகூட இல்லை. மறு வாரம் அம்மா யாரையும் கேட்காமல் அதன் நட்ட நடுவில் கொத்திக் கத்தரி நாற்று வைத்தாள். அப்பா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் இறைத்து நாற்றுக்கு ஊற்றினார்.

அப்பாவின் கடைசிக் காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தாள். நான் பாளையங்கோட்டையிலிருந்து போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை. செம்பை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். அதே தண்ணீரைத்தான் நான் கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்தாள். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். எண்பத்துமூன்று வயது, காதும் கண்ணும் நன்றாக இருக்கிறது, நினைவு என்னைவிடக் கூர்மை. போன மாதம் அப்பாவின் திதி முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு, அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்ததைச் சொன்னேன். பனந்தடி, துவைக்கிற கல், நான்கு தடவை அலசினது, அப்பா டாக்டரிடம் சொன்னது எல்லாம்.  இனி நான் கொடுக்கிற சோற்றை இவள் எப்படித் தின்பாள் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

அம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"எதுக்குட்டி இப்ப அவுகளுக்கு வக்காலத்து வாங்குத?"

"சத்தியமாம்மா. நான்தான் பறிச்சேன்."

"அன்னைக்கு வரப்புப் புல்லுன்னு நீதான சொன்ன. அவுக ஒன்ட்ட புல்லக் குடுத்து அப்பிடிச் சொல்லியிருக்காவ, நீ நம்பிட்ட. சின்னப் பிள்ளையவும்லா ஏமாத்தியிருக்காவ." அவள் குரலில் அந்தப் பழைய கோபம் புதிதாக ஏறியது. "போயிட்டாவன்னு அவுக பாவத்த நீ சொமக்காத. நீ எனக்கு அப்பிடிச் செய்வியா? எனக்குத் தெரியாதா ஒன்ன?"

நான் அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம், "நாக்கு வறண்டு கெடக்கு. ஒரு காப்பி போட்டுக் கொண்டா" என்றாள்.

போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். டம்ளருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.